காப்பீடு எடுக்காமல் இருக்க உரிமை உண்டா?

2012 ஜூன் 28, வியாழக்கிழமை. காலை 10 மணி தாண்டிச் சில நிமிடங்களில் சி.என்.என்., ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் அவசரச் செய்தி போட்டன. மருத்துவக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற ஒபாமா சட்டத்தின் கட்டாயப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று அறிவித்தன. வெள்ளை மாளிகையில் தொலைக்காட்சித் திரைகளுக்கு முன்னால் நின்றிருந்த ஒபாமாவும் முதலில் பார்த்தது அதைத்தான். சற்று நேரத்தில் அவருடைய சட்ட ஆலோசகர் கேத்தி ரூம்லர் உள்ளே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சட்டம் பிழைத்திருந்தது.

செய்தியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் முதல் பக்கங்களைப் படித்த யாரும் அப்படித்தான் முடிவுக்கு வந்திருப்பார்கள். வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காட்டி ஒரு குடிமகனைப் பொருள் வாங்கச் சொல்ல முடியாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறார். பல பக்கங்கள் தள்ளித்தான் அடுத்த செய்தி வருகிறது. வாங்காதவரிடம் வரி வசூலிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, எனவே சட்டம் செல்லும். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது.

ஒரு பொருளை வாங்கு, வாங்காவிட்டால் பணம் கட்டு என்று அரசு சொல்லலாமா? அமெரிக்காவை இரண்டாகப் பிளந்த கேள்வி இது. இதை வெறும் கட்சிச் சண்டை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கேள்வி நியாயமானது, நேரான பதிலும் அதற்குத் தேவை. ஆனால், சுதந்திரம் சுதந்திரம் என்று நீதிமன்றத்தில் முழங்கியவர்களில் பலர், தீர்ப்பு வந்த பிறகு நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கவில்லை. கதையின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

பணம் எடுக்கும் மாதத்தில் மட்டும் சேரும் சீட்டு

நம் ஊரில் கையில் காசு இல்லாதவருக்கு ஜி.ஹெச். இருக்கிறது. குறை ஆயிரம் இருந்தாலும் கதவு திறந்திருக்கும். அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவான அப்படி ஒரு அமைப்பு கிடையாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிகேர். ஏழைகளில் சில பிரிவினருக்கு மெடிக்கெய்ட். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலை தரும் நிறுவனம் எடுத்துக் கொடுக்கும் காப்பீடு. வேலை போனால் காப்பீடும் போகும். தனியாகப் போய் வாங்கலாம் என்றால், சர்க்கரை நோய் இருக்கிறது, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறது என்று சொல்லிப் பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனங்கள் மறுக்கலாம், மறுத்தன. 2010-ல் ஏறக்குறைய 5 கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் இருந்தார்கள்.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் காப்பீட்டு நிறுவனங்களின் கையைக் கட்டியது. நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது, நோய் இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பிரீமியம் வாங்கவும் கூடாது. அதோடு நிறுத்தியிருந்தால் திட்டம் கவிழ்ந்திருக்கும். சீட்டு கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பணம் எடுக்க வேண்டிய மாதத்தில் மட்டும் சேர்ந்து, எடுத்ததும் விலகிவிடலாம் என்றால் எந்தச் சீட்டும் நடக்காது. நியூயார்க் மாநிலம் 1990-களில் கட்டாயம் எதுவும் வைக்காமல் எல்லாரையும் ஒரே விலைக்குச் சேர்க்கச் சொன்னது. உடம்பு நன்றாக இருந்தவர்கள் விலகினார்கள், பிரீமியம் எகிறியது, தனிநபர் காப்பீட்டுச் சந்தை சுருங்கிப்போனது.

அதனால்தான் புதிய சட்டத்தில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்தன. ஒன்று, பிரீமியம் கட்ட மானியம். மற்றொன்று, வசதி இருந்தும் காப்பீடு எடுக்காதவர் வருமான வரிக் கணக்கோடு சேர்த்து ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற கட்டாயம். 2014-ல் அது 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம், எது அதிகமோ அது. 2016-ல் 695 டாலர் அல்லது 2.5 சதவீதமாக உயர்ந்தது.

இந்தக் கட்டாயத்தைக் கண்டுபிடித்தவர்கள் இடதுசாரிகள் என்று பலர் நினைக்கிறார்கள். 1989-லேயே இதை முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாதச் சிந்தனைக் கூடம். 2006-ல் மாசசூசெட்ஸில் இதைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. 2008 வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளின்டன் இதை ஆதரித்தார், ஒபாமா எதிர்த்தார். தன் மருத்துவச் செலவைப் பிறர் தலையில் கட்டாமல் இருப்பது தனிமனிதப் பொறுப்பு என்பதே அன்று பழமைவாதிகள் சொன்ன நியாயம்.

அந்த நியாயத்துக்கு ஆதாரம் எமர்ஜென்சி வார்டு. 1986-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட ஒரு சட்டப்படி, உயிருக்குப் போராடிக்கொண்டு வருபவரைப் பணம் இல்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. நாகரிகமான எந்த நாடும் வைத்திருக்க வேண்டிய சட்டம் அது. ஆனால், அந்தச் செலவை யாராவது ஏற்றாக வேண்டுமே. காப்பீடு இல்லாதவர்களுக்கு அளித்துப் பணம் வராமல் போன சிகிச்சையின் மதிப்பு 2008-ல் மட்டும் 4,300 கோடி டாலர் என்று ஒபாமா சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுமை காப்பீடு எடுத்த குடும்பங்களின் பிரீமியத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,000 டாலருக்கு மேல் ஏறியது என்றும் அதே இடத்தில் இருக்கிறது. ‘நான் காப்பீடு எடுக்கவில்லை, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்ற வாதம் நெடுஞ்சாலையில் கார் கவிழும் வரைதான் நிற்கும்.

கோதுமையும் புரோக்கோலியும்

சட்டத்தில் கையெழுத்திட்ட அதே நாளில் ஃப்ளோரிடாவில் வழக்கு தாக்கலானது. போகப் போக 26 மாநிலங்களும் சிறுதொழில் முனைவோரின் தேசியக் கூட்டமைப்பும் அதில் சேர்ந்தன. மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் அரசுக்காக வாதாடியவர் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த நீல் கட்யால். ஒரு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, இன்னொன்று கட்டாயம் செல்லாது என்றது, மற்றொன்று வழக்கைக் கேட்கவே தனக்கு அதிகாரம் இல்லை என்றது. கடைசியில் 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மூன்று நாட்கள் வாதம் கேட்டது.

அரசு பெரிதும் நம்பியது 1942 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை. ஒஹையோவின் ராஸ்கோ ஃபில்பர்ன் என்ற விவசாயிக்கு 11.1 ஏக்கரில் கோதுமை விதைக்கத்தான் அனுமதி. அவர் 23 ஏக்கரில் விதைத்தார். கூடுதல் விளைச்சல் என் சொந்த உபயோகத்துக்கு, என் மாட்டுக்கும் என் வீட்டுக்கும் போகிறது, இதில் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம் எங்கே வந்தது என்று கேட்டார். அவரைப் போல எல்லாரும் செய்தால் சந்தை விலை ஆடும் என்றது நீதிமன்றம், 117.11 டாலர் அபராதத்தை உறுதி செய்தது. தன் வயலில் விளைந்ததைத் தானே தின்பதையும் அரசு ஒழுங்குபடுத்தலாம் என்றால், காப்பீட்டை ஏன் முடியாது?

இதற்கு வந்த மறுப்பு வலுவானது. ஃபில்பர்ன் ஏதோ ஒன்றைச் செய்தார். காப்பீடு எடுக்காதவர் எதையுமே செய்யவில்லை. சும்மா இருப்பவரைப் பிடித்து இழுத்து வாங்கச் சொல்வது வேறு விஷயம். உணவுச் சந்தையில் எல்லாரும்தான் இருக்கிறார்கள், அப்படியானால் எல்லாரும் புரோக்கோலி வாங்க வேண்டும் என்று உத்தரவு போடலாமா என்று நீதிபதி ஸ்கேலியா கேட்டார். அவசர உதவிக்கு அழைக்க வசதியாக எல்லாரும் செல்போன் வாங்க வேண்டும் என்று சொல்லலாமா என்று ராபர்ட்ஸ் கேட்டார். அரசுக்கும் தனிமனிதனுக்கும் உள்ள உறவையே இது அடியோடு மாற்றுகிறதே என்பது நீதிபதி கென்னடியின் கவலை. இந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்பதற்குச் சொலிசிட்டர் ஜெனரல் டொனால்ட் வெரில்லியால் அன்று நீதிபதிகளைத் திருப்திப்படுத்தும் பதிலைத் தர முடியவில்லை.

மருத்துவமனைக்குப் போகாமலே வாழ்ந்து முடிக்கும் மனிதர் அநேகமாகக் கிடையாது, இங்கே சும்மா இருப்பவர் என்று யாரும் இல்லை என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் தனித் தீர்ப்பில் பதில் எழுதினார். காப்பீட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனாலும், இந்த ஒரு இடத்தில் நான் ராபர்ட்ஸ் பக்கம் நிற்கிறேன். ஒரு பொருளை வாங்கச் சொல்லிக் கட்டளையிடும் அதிகாரத்தை இன்று நல்ல நோக்கம் உள்ளவர் கையில் கொடுத்தால், நாளை அது யார் கைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? நல்ல ஆட்சிக்கு மட்டும் பொருந்துகிற அதிகாரம் என்று ஒன்றைச் சட்டத்தில் எழுத முடியாது.

வரி என்று சொல்லத் தயங்கியவர்கள்

வரி போடும் அதிகாரம் அப்படிப்பட்டது இல்லை. அரசு ஒருவரிடம் பணம் கேட்கிறது, கட்டினால் கடமை முடிந்தது. ராபர்ட்ஸ் அந்தத் தொகையின் நடைமுறையைப் பார்த்தார். அது வருமான வரித்துறைக்குப் போகிறது. வருமானத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலானோருக்குக் காப்பீட்டின் விலையைவிடக் குறைவு. கட்டாதவர்மேல் குற்ற வழக்கு கிடையாது. ஆண்டுக்கு 40 லட்சம் பேர் காப்பீட்டுக்குப் பதிலாக அந்தத் தொகையைக் கட்டிவிட்டுப் போவார்கள் என்று அரசே எதிர்பார்த்தது. 40 லட்சம் பேரைக் குற்றவாளிகளாக்கவா நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கும்? எனவே அது வரி. தண்டிக்கும் அளவுக்குக் கனத்துவிட்டால் அது வரியாக இருக்காது என்ற எல்லையையும் தீர்ப்பு தொட்டுக்காட்டியது.

இந்த வழி புதிதும் இல்லை. 1798-லேயே, அதிபர் ஜான் ஆடம்ஸ் காலத்தில், கப்பல் மாலுமிகளின் கூலியில் மாதம் 20 சென்ட் பிடித்து அவர்களுக்கு மருத்துவமனைகள் கட்டும் சட்டம் வந்தது. 1930-களில் ஓய்வூதியத் திட்டத்தை எப்படி நீதிமன்றத்தில் நிற்கவைப்பது என்று தெரியாமல் கலங்கியிருந்தார் தொழிலாளர் துறை அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். ஒரு தேநீர் விருந்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஸ்டோன் அவர் காதருகே வரி அதிகாரம், வரி அதிகாரம் என்று மெல்லச் சொன்னதாகப் பெர்கின்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தத் திட்டம் வரியின் மேல் கட்டப்பட்டது, 1937-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது, இன்று வரை நிற்கிறது.

ஒபாமா அரசு இதைத் துணிந்து சொல்லவில்லை. நடுத்தர வர்க்கத்தின் மேல் புது வரி போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த ஒபாமா, 2009 செப்டம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில் இது வரியே இல்லை என்று அடித்துச் சொன்னார். சட்டத்திலும் அபராதம் என்றே எழுதினார்கள். நீதிமன்றத்தில் சிக்கல் வந்தது. வரியைக் கட்டிய பிறகுதான் அதை எதிர்த்து வழக்குப் போட முடியும் என்கிறது 1867 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அதனால் முதல் நாள் இது வரி இல்லை என்றும், மறுநாள் இது வரிதான் என்றும் வெரில்லி வாதிட வேண்டியிருந்தது. நீதிபதி அலிட்டோ அதை அவரிடம் நேருக்கு நேராகவே கேட்டார். கடைசியில் ராபர்ட்ஸும் 1867 சட்டத்தின் கணக்கில் அது வரி இல்லை, அரசமைப்பின் கணக்கில் வரி என்றே எழுத வேண்டிவந்தது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நால்வரோடு எனக்குப் பல இடங்களில் உடன்பாடு இல்லை. ஆனால், நாடாளுமன்றம் எழுதாத வரியை நீதிமன்றம் எழுதித் தரக் கூடாது என்று அவர்கள் சொன்னதில் சத்து இருக்கிறது. வரி போடுகிறவர் மக்கள் முன் நின்று, இது வரி, இன்ன காரணத்துக்காகப் போடுகிறேன், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் என்னைத் தோற்கடியுங்கள் என்று சொல்ல வேண்டும். தனிமனித சுதந்திரத்துக்கு அதைவிடப் பெரிய காவல் ஏது? ஜனநாயகக் கட்சி அதைச் செய்யவில்லை. அதன் விலையை 2017-ல் கொடுத்தது. டிரம்பின் வரிச் சட்டம் தொகையை 2019 முதல் பூஜ்யமாக்கியபோது, அதைக் காக்க மக்களிடம் பெரிய எதிர்ப்பு எழவில்லை. எதற்காகக் கட்டுகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லையே!

கட்டியவர்கள் பெரும் பணக்காரர்களும் இல்லை. 2015 ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 65 லட்சம் பேர் சராசரியாக 470 டாலர் கட்டினார்கள். மானியம் கிடைக்கும் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்ட, பிரீமியமும் எட்டாத குடும்பங்கள் அவர்களில் உண்டு. அவர்களுடைய கோபத்தை நான் மதிக்கிறேன்.

அதே மனிதர்களைப் பற்றி ஓர் ஆய்வும் இருக்கிறது. காப்பீடு இல்லாமல் அந்தத் தொகையைக் கட்டியிருந்த 45 லட்சம் குடும்பங்களுக்கு, 2016-17 குளிர்காலத்தில் ஒரு கடிதம் அனுப்ப வருமான வரித்துறை முடிவு செய்தது. நீங்கள் இவ்வளவு கட்டினீர்கள், காப்பீடு எடுக்க வழி இது என்பதுதான் கடிதத்தின் சாரம். எல்லாருக்கும் அனுப்பப் பணம் போதவில்லை. 39 லட்சம் குடும்பங்களுக்குக் கடிதம் போனது, மற்றவர்கள் குலுக்கல் முறையில் விடுபட்டார்கள். கருவூலத் துறை ஆய்வாளர்களும் ஒரு சட்டப் பேராசிரியரும் பின்னர் இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். 45 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் கடிதம் பெற்ற ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு மரணம் குறைந்திருந்தது. கடிதத்தைப் படித்துக் காப்பீடு எடுத்தார்கள், பிழைத்தார்கள். விடுபட்ட 6 லட்சம் குடும்பங்களில் யார் யார் இறந்தார்கள் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

டெக்சஸில் விழுந்த அடி

புரோக்கோலி பற்றிய சண்டையில் தீர்ப்பின் மூன்றாவது பகுதி பலர் கண்ணில் படவில்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லாருக்கும் விரிவாக்கச் சட்டம் சொன்னது. மறுக்கும் மாநிலத்துக்கு மெடிக்கெய்டுக்காக ஏற்கெனவே வரும் மத்திய நிதி முழுவதும் நின்றுபோகலாம். இது மாநிலத்தின் தலையில் துப்பாக்கி வைப்பது என்றார் ராபர்ட்ஸ். ஏழு நீதிபதிகள் ஒத்துப்போனார்கள். விரிவாக்குவதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம் என்றாயிற்று.

மாநிலத்துக்குச் சுதந்திரம் கிடைத்தது. மத்திய அரசு முதல் மூன்று ஆண்டுகள் செலவை முழுவதும் ஏற்றது, பிறகு படிப்படியாகக் குறைத்து 2020 முதல் 90 சதவீதம் தருகிறது. அப்படியும் டெக்சஸ், ஃப்ளோரிடா உட்பட 10 மாநிலங்கள் இன்று வரை வேண்டாம் என்கின்றன. டெக்சஸில் பிள்ளை இல்லாத, ஊனம் இல்லாத ஒருவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கெய்ட் கிடையாது. பிள்ளை பெற்றவருக்கோ வறுமைக்கோட்டில் ஐந்தில் ஒரு பங்கு வருமானம் வந்துவிட்டாலே இடம் இல்லை. காப்பீட்டு மானியம் தொடங்குவது வறுமைக்கோட்டுக்கு மேலே. கீழே உள்ளவரை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அப்படி எழுதினார்கள். ஆகவே, ஹூஸ்டனில் பாத்திரம் கழுவும் வேலையில் ஆண்டுக்கு 12,000 டாலர் சம்பாதிப்பவருக்கு எதுவும் இல்லை, அவரைப் போல இரண்டு மடங்கு சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு. இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர் என்று கே.எஃப்.எஃப். என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. டெக்சஸில் ஆறில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. நாட்டிலேயே மோசமான நிலை அதுதான்.

மக்களைக் கேட்ட இடங்களில் பதில் வேறாக வந்தது. ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, மிசூரி, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா எல்லாம் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். அங்கெல்லாம் 2018 முதல் 2022 வரை நடந்த வாக்கெடுப்புகளில் மக்களே மெடிக்கெய்ட் விரிவாக்கத்துக்கு வாக்களித்தார்கள். டெக்சஸில் மக்கள் கையெழுத்துத் திரட்டி மாநில வாக்கெடுப்பு கொண்டுவரச் சட்டத்தில் இடமே இல்லை.

தடி போனது, மானியமும் போனது

கட்டாயம் பூஜ்யமானதும் சந்தை சரியும் என்று பலர் கணித்தார்கள். சரியவில்லை. மக்களைக் காப்பீட்டுக்குள் இழுத்ததில் அபராதத்தைவிட மானியத்தின் பங்கே பெரிது என்பது தெரியவந்தது. 2021-ல் மானியத்தைக் கூட்டிய பிறகு, அரசு சந்தையில் காப்பீடு எடுத்தவர்கள் 1.2 கோடியிலிருந்து 2025-ல் 2.4 கோடியாக உயர்ந்தார்கள். கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தங்கள் அளவில் கட்டாயத்தைக் கொண்டுவந்தன. சட்டத்தையே ஒழிக்க டெக்சஸ் மறுபடி தொடுத்த வழக்கை 2021-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பூஜ்யம் டாலர் அபராதத்தால் யாருக்கும் பாதிப்பு இல்லை, வழக்குப் போட முகாந்திரமே இல்லை என்றது.

அந்தக் கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிந்தது. அதை நீட்டிக்கச் சொல்லித்தான் ஜனநாயகக் கட்சி போராடியது, 43 நாட்கள் மத்திய அரசே முடங்கியது, பலன் இல்லை. மானியம் பெற்று வந்தவர் சராசரியாக ஆண்டுக்கு 888 டாலர் கட்டிய இடத்தில் 2026-ல் 1,904 டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்பது கே.எஃப்.எஃப். மதிப்பீடு. கட்ட முடியாமல் விலகுகிறவரைப் பார்த்து, சுதந்திரமாக முடிவெடுத்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இன்னொரு கட்டாயத்தைக் கொண்டுவந்திருக்கிறது. விரிவாக்கப்பட்ட மெடிக்கெய்டில் இருக்கும் உழைக்கும் வயதினர் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு அல்லது சமூகப் பணி செய்ததை நிரூபிக்க வேண்டும். சிலருக்கு மட்டும் விலக்கு. ஆர்கன்சாவில் 2018-ல் இதே போன்ற விதியை வைத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள், 2019-ல் மத்திய நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது.

ஆண்டுக்கு ஒருமுறை வரிக் கணக்கில் சில நூறு டாலர் கட்டச் சொன்னதை, குடிமகனின் சுதந்திரத்தில் அரசு கை வைக்கிறது என்று சொல்லி 26 மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. வேலை செய்ததை நிரூபிக்காவிட்டால் ஏழையின் மருந்தை நிறுத்துவேன் என்பது அதைவிடச் சின்னக் கட்டாயமா? அந்த மாநிலங்களின் ஆளுநர்களும் அட்டர்னி ஜெனரல்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அதிக அவகாசம் இல்லை. இந்த விதி 2027 ஜனவரி 1-க்குள் மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தாக வேண்டும் என்கிறது சட்டம்.